ரெஜப்பின் கழுத்துச் சாவி

லங்காவியில் பாய்ப்படகு ஓட்டுகிற யாரிடமாவது போய், படகுக்கு அடியில் இறங்குகிறவன் முதலில் எதை எடுப்பான் என்று கேட்டுப் பாருங்கள். கத்தி என்று சொன்னால் அவன் கரையில் உட்கார்ந்து கதை விடுகிறவன். சாவி என்று சொன்னால் எங்கள் ஆள்.

எங்கள் கடல் முழுக்க அறுந்த வலையும் கயிறும் மிதக்கும். பத்து நாளைக்கு ஒரு தடவையாவது ஏதாவது ஒன்று புரொபெல்லரில் சுற்றிக்கொள்ளும். எவனாவது ஒருவன் கத்தியோடு இறங்கி அறுத்தெடுக்க வேண்டும். அவன் எஞ்சினை நிறுத்துவான், சாவியைப் பிடுங்குவான், கழுத்தில் மாட்டிக்கொள்வான், அதற்குப் பிறகுதான் தலையைத் தண்ணீரில் வைப்பான். கீழே அவன் விரல்கள் இரும்பு இலைகளுக்கு நடுவே இருக்கும்போது மேலே எவன் எதைத் திருகுவான் என்று யாருக்குத் தெரியும்? பெற்ற அப்பனே மேலே நின்றாலும் சாவி கீழே போய்விட வேண்டும். இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. ஆனால் மீறினவனையும் நான் பார்த்ததில்லை.

என் தங்கை புருஷன் ரெஜப்பும் மீறவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொல்ல வேண்டிய நேரத்தில் நான் சொல்லவில்லை.

என் பெயர் ஜம்ரி. இருபத்திரண்டு வருஷம் வெள்ளைக்காரர்களின் படகுகளை மலேசியாவின் லங்காவிக்கும் தாய்லாந்தின் புக்கெட்டுக்கும் நடுவே ஓட்டினேன். வாய் கொஞ்சம் நீளம் எனக்கு. எஞ்சினை நம்புகிறவன் கப்பல்காரன் இல்லை, பஸ் டிரைவர் என்று துறையில் எல்லோரையும் நக்கல் அடிப்பேன். காற்றை முகத்தில் வாங்கியே நேரம் சொல்லுவேன் என்று பீற்றிக்கொள்வேன். கடைசியாக நான் ஓட்டிய படகு மரீஸ்கா. பதினாலு மீட்டர், ஒரே பாய்மரம். அதன் முதலாளி யோஸ்ட் ஒரு டச்சுக்காரர். அவரும் படகிலேயே இருப்பார். சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு தீவு தீவாகப் போவோம். நல்ல மனுஷன்தான். அவசரக்காரர், அவ்வளவுதான்.

அந்தக் கடைசி வருஷம் பிப்ரவரியில் தாய்லாந்துக் கரையில் கிராபியில் நிற்கும்போது மரீஸ்காவின் சாவித் துவாரம் மக்கர் பண்ணியது. உப்புக் காற்றில் உள்ளே எல்லாம் அரித்துப்போய், பத்து தடவை திருகினால் ஒரு தடவை பிடிக்கும். புதியது வாங்கினால் வந்து சேர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். மூன்று வாரம் யார் காத்திருப்பது? நானே இரண்டு வயரை இழுத்து, சுக்கானுக்குக் கீழே பெட்டியின் உள்பக்கத்தில் ஒரு பொத்தானைப் பொருத்தினேன். சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அழுத்தினால் எஞ்சின் உறுமும். யோஸ்ட் என் முதுகில் தட்டி, நீ மெக்கானிக் ஆகியிருக்க வேண்டியவன் என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை. சாவி பழைய துவாரத்திலேயே சும்மா அழகுக்குத் தொங்கியது.

ரெஜப் மார்ச்சில்தான் மரீஸ்காவுக்கு வந்தான். அதுவரை மீன்பிடிப் படகில் இருந்தவன். முழு மாதமும் கடலிலேயே கிடக்கிறார் என்று என் தங்கை ரொஹாயா நச்சரித்து, நான்தான் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அதிகம் பேசமாட்டான். பேசினால் சிரிக்க வைப்பான். என் சமையலைச் சாப்பிட்டுவிட்டு, "மச்சான், இந்தச் சம்பலைக் கொஞ்சம் எடுத்து வைங்க, படகுல ஓட்டை விழுந்தா அடைக்கலாம்" என்றான் முதல் நாளே. அவன் வந்த பிறகு அடியில் இறங்குகிற வேலை அவனுடையதாயிற்று. எனக்கு ஐம்பது நெருங்கிவிட்டது, காதில் அடைப்பு வேறு.

சாவி மாட்டிக்கொள்ள ரொஹாயா அவனுக்கு ஒரு கயிறு பின்னிக் கொடுத்திருந்தாள். வலை தைக்கிற நைலான் நூல், சிவப்பு இரண்டு புரி, பச்சை ஒரு புரி. நுனியில் அவள் போட்ட வளையத்தில் சாவியை நுழைத்து ஒரு முடிச்சு. இழுக்க இழுக்க இறுகுமே தவிர அவிழாது. வேலை முடிந்ததும் அதைக் கழற்றிப் படுக்கைக்கு மேலே ஆணியில் மாட்டிவிடுவான், வீட்டுக்குப் போனால் வாசல் கதவு ஆணியில்.

அவன் முதல் தடவை இறங்கியது கோ ரோக் தீவில். துவாரத்திலிருந்து சாவியைப் பிடுங்கிக் கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "இனிமே எஞ்சின் என் கழுத்துல, மச்சான்" என்று சொல்லிவிட்டுக் குதித்தான். நான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று என்னைக் கேட்காத ஆள் இல்லை. பெரிய காரணம் எதுவும் இல்லை. வெட்கம் கொஞ்சம். பத்துப் பேரிடம் முறைப்படி வேலை செய் என்று பாடம் எடுக்கிறவன், சாவியைச் செத்த சாவியாக்கி வைத்திருக்கிறேன் என்று மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அவன் முதலில் பொத்தானைக் கழற்று, அப்புறம் இறங்குகிறேன் என்பான். இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் பொத்தானை அழுத்துகிறவன் யார்? நான்தானே. நான் மேலே நிற்கும்போது அவனுக்கு என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். அப்படி ஆறு தடவை இறங்கினான், ஆறு தடவையும் ஏறி வந்தான்.

ஏப்ரல் கடைசி வாரம், பருவத்தின் கடைசிப் பயணம். லீப்பே தீவிலிருந்து லங்காவிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். யோஸ்ட், ரெஜப், நான், விருந்தாளிகளாக ஒரு கணவன் மனைவி. கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் கிடந்தது. காற்றே இல்லை, பாயைச் சுருட்டி வைத்துவிட்டு எஞ்சினில் போனோம். தாருதாவ் தீவின் தெற்குப் பாறைகளுக்குப் பக்கத்தில் மதியம் இரண்டு மணிக்கு எஞ்சின் கரகரவென்று இருமி நின்றது. எட்டிப் பார்த்தால் பின்னால் நீல வலை ஒன்று வால் மாதிரி நீண்டு கிடந்தது.

நீரோட்டம் எங்களை மெல்லப் பாறைப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. அடி முழுக்க வழுக்குப் பாறை, நங்கூரம் பிடிக்காத இடம். ஆனாலும் பயப்பட ஒன்றும் இல்லை, அரை மணி நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். ரெஜப் சாவியைக் கோர்த்தான், கத்தியை இடுப்பில் சொருகினான், இறங்கினான்.

தடித்த வலை. மூச்சு வாங்க மேலே வருவான், ஒரு துண்டை எறிவான், மறுபடி முங்குவான். பத்து நிமிஷம் போயிருக்கும். தென்மேற்கே வானம் கறுத்தது. சுமத்ராப் பக்கமிருந்து வருகிற அந்தக் காற்றை எங்கள் ஊரில் சுமத்ரா என்றே சொல்வோம். வந்தால் முன்னறிவிப்புக் கிடையாது, கதவை உதைத்துக்கொண்டு வருகிற கடன்காரன் மாதிரி வரும். வந்தது. இருபது நிமிஷத் தூரத்தில் இருந்த பாறை ஐந்து நிமிஷத் தூரத்துக்கு வந்துவிட்டது. மழை கண்ணைக் குத்தியது. விருந்தாளிப் பெண் அழத் தொடங்கினாள்.

இங்கேதான் நிறுத்திச் சொல்ல வேண்டும். காற்று இல்லாதவரை பாய் உதவாது. இப்போது காற்று வந்துவிட்டது. முன்பாயின் கயிற்றை நாலு இழுப்பு இழுத்திருந்தால் பாய் விரிந்திருக்கும், படகு பாறையை விட்டு விலகியிருக்கும். ரெஜப்புக்குப் பின்னால் ஒரு மிதவையை எறிந்துவிட்டு, ஒரு சுற்றுச் சுற்றி வந்து அவனை எடுத்திருக்கலாம். இருபத்திரண்டு வருஷம் வாய் கிழியப் பேசினேனே, எஞ்சினை நம்புகிறவன் பஸ் டிரைவர் என்று! பயம் வந்தபோது என் கை தேடியது அந்தப் பொத்தானைத்தான்.

உடனே அழுத்திவிடவில்லை. பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த யோஸ்டிடம் ரெஜப் எங்கே என்று கத்தினேன். அந்த நொடியில் தண்ணீருக்கு மேலே ஒரு கை வந்தது, நீலக் கயிற்றுச் சுருள் ஒன்றைப் படகுக்குள் எறிந்தது. "முடிஞ்சிருச்சு! வெளிய வந்துட்டான்!" என்று யோஸ்ட் கத்தினார். அவர் பொய் சொல்லவில்லை. கையைப் பார்த்தார், முடிந்தது என்று நினைத்துக்கொண்டார். நான் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். ரெஜப்பின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பாறையைப் பார்த்தேன்.

புரொபெல்லரில் இன்னும் ஒரு சுற்று வலை மிச்சம் இருந்தது. அவன் அரைகுறையாக வேலையை விடுகிற ஆள் இல்லை, மறுபடி முங்கிவிட்டான். சாவி கழுத்தில் இருக்கும்போது அவனுக்கு என்ன பயம்?

நான் பொத்தானை அழுத்தினேன். கியரைப் போட்டேன். படகின் அடியில் ஒரு தட்டுத் தட்டியது என் உள்ளங்காலில் தெரிந்தது. இன்றைக்கும் தெரிகிறது.

படகு தப்பித்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். பாறைக்கு ஒரு படகு நீளம் இருக்கும்போது திரும்பி வெளியே வந்துவிட்டது. உடனே எஞ்சினை நிறுத்தி, அவனைத் தண்ணீரிலிருந்து இழுத்து ஏற்றினோம். என்ன நிலையில் ஏற்றினோம் என்று சொல்லமாட்டேன், அவன் மகள் என்றைக்காவது இதைப் படிக்கக்கூடும். உயிர் இருந்தது. கண் திறந்திருந்தது. மேலிருந்து எஞ்சின் சத்தம் எப்படி வந்தது என்றுதான் அவனுக்குக் குழப்பம். வலி கூட இரண்டாவதுதான். கையைக் கழுத்துக்குக் கொண்டுபோய்ச் சாவியைத் தடவிப் பார்த்தான்.

"இங்கதானே இருக்கு, மச்சான்" என்றான்.

அதுதான் அவன் கடைசியாகப் பேசியது.

லங்காவியின் தெலாகா துறைக்கு இரண்டு மணி நேரம். யோஸ்ட் சுக்கானைப் பிடித்தார். விருந்தாளிப் பெண் அழுகையை நிறுத்திவிட்டுத் துண்டால் அவன் காயத்தை அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், அந்த அம்மாளுக்குப் புண்ணியமாய்ப் போகட்டும். நான் அவன் தலைமாட்டில் இருந்தேன். அல்லாவைக் கூப்பிட்டேன். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அப்புறம் என் மனசு வேறு வேலையைப் பார்க்கத் தொடங்கியது. கரையில் அதிகாரிகள் வருவார்கள். சாவி இவன் கழுத்தில் இருந்தால், எஞ்சின் எப்படி ஓடியது என்று கேட்பார்கள்.

சாவியின் முடிச்சை அவிழ்த்தேன். இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன். கயிற்றையும் சேர்த்துக் கழற்ற வேண்டுமென்றால் அவன் தலையைத் தூக்க வேண்டும். அதற்கு மனம் வரவில்லை. சாவியை மட்டும் எடுத்துப்போய்த் துவாரத்தில் சொருகினேன். யோஸ்ட் பார்த்தார், முகத்தை முன்னால் திருப்பிக்கொண்டார். நான் முடிச்சை அவிழ்க்கும்போது ரெஜப் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். கண்ணும் திறந்துதான் இருந்தது. பார்த்தானா என்று எனக்குத் தெரியாது. துறையின் கலங்கரை விளக்கம் தெரிந்தபோது மூச்சு நின்றது.

பொத்தானையும் வயர்களையும் அன்றைக்கே பிடுங்கிக் கடலில் போட்டேன். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். சாவி துவாரத்தில் இருந்தது. இறங்கும் முன் சாவியை அகற்றத் தவறியதால் நேர்ந்த விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். புயலில் அவன் மேலே வந்துவிட்டதாக நினைத்து எஞ்சினைப் போட்டேன் என்று சொன்னேன், அது உண்மைதான். மற்றதைச் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியம்.

மூன்றாம் நாள் மாலை அசர் தொழுகைக்குப் பிறகு ரெஜப் வீட்டில் ஓதல் வைத்து எல்லோருக்கும் சாப்பாடு. படகுத்துறை ஆட்கள் முப்பது பேர் வந்து பாயில் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மாட்டுக் கறியும் சோறும் பரிமாறிக்கொண்டிருந்தேன். பிடின் என்று ஒருவன், படகுகளுக்கு அடியில் இறங்கிச் சுத்தம் செய்கிறவன், சாப்பிட்டுக்கொண்டே பக்கத்து ஆளிடம் பேசினான். கெட்டவன் இல்லை, வருத்தத்தில்தான் பேசினான். சாவியைப் பிடுங்க எவ்வளவு நேரம் ஆகும், அதற்குச் சோம்பல்பட்டால் பெண்டாட்டி பிள்ளையை யார் பார்ப்பது என்றான். துறையில் இப்போதெல்லாம் இறங்குகிறவனைப் பார்த்து, "டேய், ரெஜப் ஆயிடாத" என்றுதான் சொல்லி அனுப்புகிறார்களாம். மூன்று நாளில் என் மாப்பிள்ளையின் பெயர் புத்திகெட்டவனின் பெயராகிவிட்டது. கறிச் சட்டியைக் கீழே வைத்தேன்.

சமையலறைக் கதவுக்குப் பின்னால் ரொஹாயா நின்றிருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது. கண்ணால் என்னைக் கூப்பிட்டாள்.

பின்கட்டில் பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போனோம். அவள் இடுப்புத் துணியின் முடிச்சிலிருந்து சிவப்பும் பச்சையுமான அந்தக் கயிற்றை எடுத்தாள்.

"ஆஸ்பத்திரியில தாயத்துக் கயிறுன்னு நெனச்சு விட்டுட்டாங்க" என்றாள். "குளிப்பாட்டறப்ப நான்தான் கழுத்துல இருந்து எடுத்தேன்."

அவன் எப்போதும் அதைப் போட்டிருப்பானே, சாவி இல்லாவிட்டாலும் போட்டிருப்பானே என்று உளறினேன். ஒரு பொய் சொன்னவனுக்கு அடுத்தது தானாக வருகிறது.

"யாருகிட்டண்ணே சொல்ற? சாவி இல்லாம இதை ஒரு நாளும் போட்டதில்ல. ஆணியில மாட்டிட்டுத்தான் சோத்துல கை வைப்பாரு." வளையத்தை விரலால் விரித்துக் காட்டினாள். நூலில் பல் பட்டுப் பிசிறு கிளம்பியிருந்தது. "இது நான் போட்ட முடிச்சு. தானா அவுறாது."

நான் கழுவாத பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். பொத்தானை வைத்ததை, சொல்லாமல் விட்டதை, அழுத்தியதை, அவிழ்த்ததை. அவள் நின்றபடியே கேட்டாள். அழவில்லை. கடைசியில் அவர் என்ன சொன்னார் என்று மட்டும் கேட்டாள். அதையும் சொன்னேன்.

அப்போதுதான் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்னு புரியாமலே போயிட்டாரா?" என்றாள். ஆமாம் என்றேன்.

குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "உன்ன ஜெயில்ல போடுன்னு நான் போய்ச் சொல்லப்போறதில்ல. செத்துத் தொலைன்னும் சொல்லல. எங்க அண்ணன் நீ. ஆனா அங்க உட்கார்ந்து அவரு வீட்டுச் சோத்தத் தின்னுகிட்டே அவர முட்டாளுங்கறாங்க. எம்பொண்ணு கேட்டுக்கிட்டு நிக்கிறா. போய்ச் சொல்லு. அவரு சாவிய மறக்கலன்னு சொல்லு. இப்பவே."

போனேன். முப்பது பேருக்கும் நடுவில் நின்றேன். ரெஜப் சாவியை மறக்கவில்லை என்றேன். யாருக்கும் புரியவில்லை. சாவி அவன் கழுத்தில் இருந்தது, நான்தான் எடுத்துச் சொருகினேன் என்றேன். சாவி இல்லாமல் எஞ்சின் எப்படி ஓடும் என்று பிடின் கேட்டான். நான் ஒரு பொத்தான் வைத்திருந்தேன், அவனிடம் சொல்லவில்லை என்றேன்.

அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் பரிமாறிய தட்டுகளை அப்படியே தள்ளி வைத்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்தார்கள். சமையலறைக் கதவருகே போய் ரொஹாயாவுக்கு சலாம் சொன்னார்கள். என்னைச் சுற்றிக்கொண்டு, தூணைச் சுற்றிக்கொண்டு போவதுபோல, வெளியே போனார்கள். பிடின் மட்டும் அவள் முன்னால் நின்று அழுதான்.

மறுநாள் துறைமுக அலுவலகத்துக்கும் போய்ச் சொன்னேன். உரிமத்தைப் பிடுங்கினார்கள், பதினாலு மாதம் உள்ளே இருந்தேன். யோஸ்ட் மரீஸ்காவை விற்றுவிட்டு ஊருக்குப் போய்விட்டாராம். ரொஹாயா என் வீட்டு வாசலை மிதித்ததில்லை. பெருநாளுக்கு மட்டும் மகளிடம் ஒரு தூக்கில் சோறு கொடுத்தனுப்புகிறாள். அந்தப் பிள்ளை அதை வாசலில் வைத்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல் போய்விடும்.

இப்போது கரையேற்றிய படகுகளின் அடியைச் சுரண்டுகிற வேலை செய்கிறேன். கடலுக்குப் போவதில்லை. போன மாதம் பட்டறைக்கு முன்னால் தண்ணீரில் ஒரு பாய்ப்படகு நின்றது, புரொபெல்லரில் கயிறு. இறங்க வந்தவன் வேறு ஊரிலிருந்து புதிதாக வந்தவன், என்னைத் தெரியாது. படகுக்காரர் சாவியை நீட்டினார். வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். ஆனால் இறங்கவில்லை.

"ஜம்ரி பட்டன் எதுவும் இருக்கா?" என்று கேட்டான்.

அப்படி எதுவும் இல்லை என்றார் படகுக்காரர். இவன் நம்பவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு சுக்கானுக்குக் கீழே தலையை நுழைத்து, வயர் வயராகத் தொட்டுப் பார்த்தான். லங்காவியில் இப்போது எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்களாம். பார்த்து முடித்து, திருப்தியாகி, தண்ணீரில் இறங்கினான்.

நான் பக்கத்தில் நின்று சுரண்டிக்கொண்டே இருந்தேன். ரெஜப் ஆகிவிடாதே என்று துறையில் இப்போது யாரும் சொல்வதில்லை. என் தங்கை என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.